யூசுப் பக்கத்துப் புகைவாய்

குத்துக்கல்வலசை
20-6-2025

தம்பி முகம்மது யூசுபுக்கு, உன் அக்கா அலிமா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மச்சானும் இங்கே சுகமாக இருக்கிறோம். தம்மாமில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். மூன்று நாளுக்கு மேல் பேசாமல் இருக்கக் கூடாது என்றுதான் நமக்கு ஓதிக் கொடுத்தார்கள். நாம் நாளை வருஷமாக மாற்றிக்கொண்டோம். அதைக் கிளற இதை எழுதவில்லை, விஷயம் வேறு.

செவ்வாய்க்கிழமை மதியம் அடித்த மேல்காற்றில் நம் புகைக்கூண்டு விழுந்துவிட்டது. குற்றாலத்தில் சீசன் என்று ஊர் உலகமெல்லாம் கார் எடுத்துக்கொண்டு குளிக்க வருகிறது. நமக்கு வந்தது காற்று மட்டும். நான் மல்லி வறுத்துக்கொண்டிருந்தேன். மேலே லாரியில் இருந்து செங்கல் கொட்டியதுபோல் ஒரு சத்தம். ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தால் கூண்டு இருந்த இடம் காலி. இடிந்தது முழுவதும் உன் பக்கத்து மொட்டை மாடியில் கிடக்கிறது. யாருக்கும் அடி இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

வாப்பா வீட்டை நாம் இரண்டாகப் பிரித்த பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். பொதுச்சுவரிலோ புகைக்கூண்டிலோ கை வைப்பதாக இருந்தால் இருவரும் எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது நீதான். போன் போட்டுக் கேட்டால் முடிந்தது என்கிறார் உன் மச்சான். எழுத்து மூலம் என்றால் எழுத்து மூலம்தான் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால், மூன்று வருஷத்துக்குப் பிறகு உன்னிடம் எந்தக் குரலில் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு சம்மதம் வேண்டும். ஒன்று, கூண்டைத் திரும்பக் கட்ட. இரண்டு, உன் பக்கத்து வீட்டைத் திறந்து பார்க்க. சஃப்ரின் உன் மகள் ஜுஹைனாவைக் கூட்டிக்கொண்டு புளியங்குடியில் தாய்வீட்டுக்குப் போன அன்று என் வாசலில் வைத்துவிட்டுப் போன சாவி அப்படியே ஆணியில் தொங்குகிறது. நான் தொடவில்லை. செலவு என் பொறுப்பு, அந்தப் பேச்சே வேண்டாம்.

என் தொழில் உனக்குத் தெரியும். சவூதிக்கும் துபாய்க்கும் போகிறவர்களுக்கு இடியப்ப மாவும் மசாலாவும் வறுத்துக் கொடுக்க விறகடுப்பு இல்லாமல் முடியாது. இப்போது கொல்லையில் தகரம் மறைத்து வறுக்கிறேன். காற்றில் பாதி மாவு பக்கத்து வீட்டுக் கொடியில் காய்கிற துணிக்குப் போகிறது.

சீக்கிரம் பதில் போடு. வஸ்ஸலாம்.

அலிமா


தம்மாம்
14-7-2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம். இங்கே நான் நலம். நீங்களும் மச்சானும் நலமாக இருப்பது அறிந்து சந்தோஷம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. புகைக்கூண்டைத் திரும்பக் கட்டவும், என் பாகத்து வீட்டைத் திறந்து பார்க்கவும் எனக்குச் சம்மதம். இந்தக் கடிதத்தையே சம்மதக் கடிதமாக வைத்துக்கொள்ளவும்.

இங்கே வெயில் கடுமை. வேலை வழக்கம்போல்.

வஸ்ஸலாம்.

மு. யூசுப்


குத்துக்கல்வலசை
2-8-2025

தம்பி யூசுபுக்கு அலிமாவின் ஸலாம். உடம்பு எப்படி இருக்கிறது? வேலை வழக்கம்போல் என்று எழுதியிருக்கிறாய், சாப்பாடு எப்படி என்று எழுதவில்லை. எனக்கும் மச்சானுக்கும் குறை ஒன்றும் இல்லை.

நீங்கள் தாங்கள் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, எந்த தாசில்தாருக்கு எழுதிய கடிதம் தவறி நமக்கு வந்தது என்று மச்சான் கேட்டார்.

கொத்தனார் மாடனைக் கூட்டி வந்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷமாக நம் தெருவில் எல்லா வீட்டுக் கூரையிலும் ஏறியவர். ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, கையைக்கூடக் கழுவாமல் சொன்னார்: "யக்கா, இது காத்து தள்ளுன வேலை இல்ல. உள்ள நிக்குத சுவரு தள்ளுன வேலை."

பாகம் பிரித்தபோது அடுக்களை நடுவில் சுவர் எழுப்பினோம் அல்லவா? அதோடு விட்டோமா? அந்தச் சுவரைப் புகைக்கூண்டுக்கு உள்ளேயும் மேலே வரை கொண்டுபோய், உனக்கு ஒரு புகைவாய் எனக்கு ஒரு புகைவாய் என்று பிரித்தோம். ஒருவர் வாய் மற்றவர் வாயைவிட ஒரு விரல்கூட உயரக் கூடாது என்று பெரியவர்கள் நூல் பிடித்து அளந்தார்கள், பத்திரத்திலும் எழுதினார்கள். வாப்பா கட்டியது சுண்ணாம்புக் கட்டுமானம். நாம் உள்ளே நுழைத்தது சிமெண்டுச் சுவர். இரண்டும் ஒட்டாமல் நடுவில் விரிசல் விட்டு, மழைத் தண்ணீர் இறங்கி, நாலு வருஷத்தில் விழுந்துவிட்டது. உலகத்தில் நிலத்தைப் பிரிப்பார்கள், நகையைப் பிரிப்பார்கள். புகையைப் பிரித்தது நாம் மட்டும்தான்.

அடுத்தது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. உன் வீட்டைத் திறந்தேன். கூடத்தில் தூசி, அவ்வளவுதான். அடுக்களைக் கதவைத் தள்ளியபோது உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கரண்டு இல்லையோ என்று பார்த்தேன், பல்பு எரிகிறது. சுவர், அலமாரி, சஃப்ரின் விட்டுப்போன டப்பாக்கள், எல்லாம் கரி. மூன்று வருஷமாக என் அடுப்பில் எழுந்த புகை என் வாய் வழியாக மேலே போய், பக்கத்திலேயே திறந்து கிடந்த உன் வாய் வழியாக உன் வீட்டுக்குள் இறங்கியிருக்கிறது. எரியாத அடுப்பின் வாய் குளிர்ந்து கிடக்குமாம், குளிர்ந்த வாய் புகையைக் கீழே இழுக்குமாம். மாடன் சொன்னார். சஃப்ரின் அந்தக் காலத்தில் என்ன சொன்னாள் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கும் இருக்கும்.

இப்போது நீ ஒரு பதில் சொல்ல வேண்டும். உன் பக்கத்து அடுப்பில் இனி யாரும் தீ மூட்டப் போவதில்லை என்றால் உன் வாயைக் கீழேயே செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டும் என்கிறார் மாடன். மூட்டுவதாக இருந்தால் திறந்து விடலாம். இது கொத்தனார் வேலைக்கான கேள்விதான். ஆனாலும் யோசித்துச் சொல். நீ இந்த வீட்டுக்குத் திரும்பி வருவாயா மாட்டாயா?

வஸ்ஸலாம்.

அலிமா


தம்மாம்
24-8-2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு ஸலாம். நலம், நலமே விழைகிறேன்.

கடிதம் தாமதமாகக் கிடைத்தது. கேம்ப் மாற்றிவிட்டார்கள். புதிய இடத்துக்குத் தபால் ஒழுங்காக வருவதில்லை. இனிமேல் புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் என் சிநேகிதன் உவைஸ் விலாசத்துக்கு எழுதவும். ஊருக்கு வந்து போகிறவர்கள் மூலமாக அவன் எனக்குச் சேர்த்துவிடுவான். என் பதிலும் அப்படியே வரும்.

புகைவாய் விஷயம் இப்போது முடிவு சொல்ல இயலவில்லை. மற்ற வேலை நடக்கட்டும்.

அடுக்களை கரியானதற்கு நீங்கள் வருத்தப்பட வேண்டாம். யாரும் இல்லாத வீடுதானே.

வஸ்ஸலாம்.

மு. யூசுப்


குத்துக்கல்வலசை
4-9-2025

தம்பிக்கு ஸலாம் சொல்லி அலிமா எழுதுவது. உடம்பைப் பற்றி நீ எழுதுவதே இல்லை. எனக்கு முட்டுவலி, மச்சானுக்கு சுகர் ஏறி இறங்குகிறது, வேறொன்றும் இல்லை.

யாரும் இல்லாத வீடுதானே என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மச்சான் படிக்கவில்லை. மடித்து வைத்துவிட்டேன்.

மாடன் கூரைக்கு மேல் கொஞ்சம் கட்டிவிட்டு, குற்றாலத்தில் ஏதோ ஒரு லாட்ஜில் ஒழுகுகிறது என்று பதினைந்து நாள் போய்விட்டார். அவரைப் பிடித்துவர நானே பஸ் ஏறி ஐந்தருவி ரோடு வரை போனேன். நான் போய் நின்றதைப் பார்த்துச் சாரத்தின் மேலேயே ஒளியப் பார்த்தார். திங்கட்கிழமை முதல் வருகிறார்.

இரண்டு வாயும் இப்போது கூரைக்கு மேல் ஒரு முழம் நிற்கின்றன. ஐப்பசி மழைக்குள் தொப்பி போட்டு மூடியாக வேண்டும். அதற்குள் உன் பதில் தெரியாவிட்டால் மாடனுக்கு வேலை ஓடாது. எனக்கும்தான்.

உன் அடுக்களையைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். சோடா உப்புப் போட்டுத் தேய்த்தால் அலமாரிக் கதவு வெளுக்கிறது. சுவர் வெளுக்கவில்லை. தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் போய்த் தேய்க்கிறேன். வேண்டாம் என்று எழுதாதே, நான் கேட்கப் போவதில்லை.

அலிமா


தம்மாம்
9-9-2025

அக்காவுக்கு ஸலாம். நலம்.

கடிதம் கிடைத்தது. முட்டுவலியோடு குனிந்து தேய்க்க வேண்டாம். சுவரை மாடன் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்துக்கொள்வார்.

ஒரு விஷயம். இந்த வாரம் வெளிப்பூச்சு பூச விட வேண்டாம். நாலு நாளாகத் தூறல் விடவில்லை, செங்கல் ஈரமாக இருக்கும். இரண்டு நல்ல வெயில் அடித்த பிறகு பூசச் சொல்லவும். இல்லாவிட்டால் பூச்சு உரிந்துவிடும்.

மச்சான் சுகரைக் கவனிக்கவும்.

வஸ்ஸலாம்.

மு. யூசுப்


குத்துக்கல்வலசை
13-9-2025

அன்புத் தம்பிக்கு அலிமாவின் ஸலாம்.

நான் நாலாம் தேதி எழுதினேன், நீ ஒன்பதாம் தேதி பதில் எழுதிவிட்டாய். தம்மாம் தபால் இப்போது ரொம்பத் தேறிவிட்டது. முன்னெல்லாம் இருபத்துநாலு நாள் ஆகும்.

தூறல் பற்றி நீ சொன்னது சரி. மாடனிடம் சொன்னேன். "தம்பி அங்கன இருந்துக்கிட்டு நம்மூர் மழையக் கரெக்டா சொல்லுதாவளே" என்றார். செல்போனில் மழை வெயிலெல்லாம் தெரியும் என்று நான் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டார்.

செல்போன் என்றதும் ஞாபகம் வருகிறது. போன வாரம் மனசு கேட்காமல் உன் பழைய நம்பருக்குப் போட்டேன். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரலில் ஒரு பெண் சொன்னாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு உனக்குச் சொல்ல வைத்திருந்த ஸலாமை அவளிடம் சொல்லிவிட்டேன்.

உவைஸிடம் எலுமிச்சை இப்போது நன்றாக வருகிறதா என்று கேட்டுச் சொல். ஊறுகாய் போடலாம் என்று இருக்கிறேன்.

மழையில் நனையாதே. சாப்பிடு. புகைவாய்க்கு மட்டும் பதில் சொல்லிவிடு. திறந்திருக்கட்டும் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், மற்றதை நான் கேட்க மாட்டேன்.

அலிமா


தம்மாம்
22-9-2025

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு ஸலாம். நலம்.

பலமுறை யோசித்துவிட்டேன். என் பாகத்துப் புகைவாயை நிரந்தரமாக அடைத்துவிட எனக்குப் பூரண சம்மதம். இதையே எழுத்து மூலமான சம்மதமாக வைத்துக்கொள்ளவும். எலுமிச்சை இப்போது சுமார்தான் என்று உவைஸ் சொன்னான்.

வஸ்ஸலாம்.

முகம்மது யூசுப்


குத்துக்கல்வலசை
26-9-2025

தம்பி யூசுபுக்கு ஸலாம். எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அதைத் தவிர சுகம்.

உன் சம்மதக் கடிதம் செல்லாது.

பத்திரத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். சம்மதம் கொடுப்பவர் தான் குடியிருக்கும் விலாசம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று இருக்கிறது. நீ தம்மாம் என்று போட்டிருக்கிறாய். தம்மாமில் நீ இல்லை.

நான் சண்டைக்கு எழுதவில்லை, யூசுப். நம் தெரு துல்கர்னைன் போன மாதம் லீவில் வந்தார். தம்மாமில் உனக்கென்று மாவும் மசாலாவும் கொண்டுபோய்ச் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். "அந்தக் கம்பெனிய ஆனி மாசமே பூட்டிட்டாங்களே, தம்பி ஒங்ககிட்ட சொல்லலியா?" என்றார். சொன்னானே, எனக்குத்தான் மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் உன் தூறல் கடிதம் வந்தது. நாலு நாளாகத் தூறல் என்று எந்த செல்போனும் சொல்லாது. நனைந்தவன்தான் அப்படி எழுதுவான்.

நீயாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். அதனால்தான் எலுமிச்சை பற்றிக் கேட்டேன். அதற்கும் சுமார் என்று எழுதிவிட்டாய். அடேய், சுமார் என்று உவைஸ் சொன்னானா, நீ கூடையில் கை விட்டுப் பார்த்துச் சொன்னாயா?

எங்கே இருக்கிறாயோ அந்த ஊர்ப் பேரைத் தலைப்பில் போட்டு எழுது. அப்புறம் அடைக்கச் சொன்னால் அடைக்கிறேன். மாடன் காத்துக்கொண்டிருக்கிறார்.

அலிமா


புளியங்குடி
1-10-2025

அக்காவுக்கு, யூசுப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். கொஞ்சம் மெலிந்துவிட்டேன், வேறு நோய் ஒன்றும் இல்லை.

நீ சொன்னதெல்லாம் சரி. உன் முதல் கடிதம் வந்தபோதே கம்பெனி பூட்டியிருந்தது. கணக்கு முடியட்டும் என்று கேம்பில் உட்கார்ந்திருந்தோம். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி ஒரு தோள்பையோடு திருவனந்தபுரத்தில் இறங்கினேன். செங்கோட்டை வழியாகத்தான் பஸ் வந்தது. நம் ஊருக்கு இறங்க வேண்டிய தென்காசியில் பத்து நிமிஷம் நின்றது. நான் இறங்கவில்லை. நீ ஆடியில் எழுதிய கடிதத்தை அறையில் கூட இருந்த மலையாளி படம் எடுத்து அனுப்பினான். மாமியார் வீட்டு மாடியில் உட்கார்ந்து படித்தேன்.

இப்போது உவைஸ் மண்டியில் காய் தரம் பிரிக்கிறேன். காலை நாலு மணிக்கு லோடு வரும். வேலை பிடித்துத்தான் இருக்கிறது. வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பதுதான் பிடிக்கவில்லை. மாமியார் ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னதில்லை. ஆனால் அவர்கள் வீட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்க எனக்கு வாய் வருவதில்லை. போன வாரம் ஜுஹைனா தன் தட்டில் இருந்து எடுத்து என் தட்டில் வைத்தாள். அவளுக்குப் புரிகிற வயசு.

சொந்த வீடு முப்பத்தைந்து கிலோமீட்டரில் இருக்க ஏன் போகவில்லை என்று சஃப்ரின் தினமும் கேட்கிறாள். அவளிடம் நான் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். கடைசியாக நான் லீவில் வந்தபோது, புகை வருகிறது என்று சஃப்ரின் சொன்னதற்காக நாம் சண்டை போட்டோம். அன்றைக்கு வாசலில் நின்று, தெரு முழுவதும் கேட்க, நீ சொன்னாய்: "ஒன்னைய இந்தத் தெருவுல எவம்லே தேடுதான்? ஒன் சவூதிப் பெட்டியத்தான் தேடுதான்."

அது பொய் என்று நினைத்துத்தான் போனேன். கம்பெனி பூட்டிய அன்று, உண்மையாக இருக்குமோ என்று தோன்றியது. வெறும் தோள்பையோடு அதே வாசலில் வந்து நிற்க எனக்கு முகம் இல்லை, அக்கா. அதனால்தான் அடைக்கச் சொன்னேன். திறந்து கிடந்தால் நீ தினமும் எதிர்பார்ப்பாய்.

மேலே ஊர்ப் பேர் சரியாகப் போட்டிருக்கிறேன். இந்தச் சம்மதம் செல்லும். அடைத்துவிடு.

யூசுப்


குத்துக்கல்வலசை
5-10-2025

என் தம்பி யூசுபுக்கு, அக்கா எழுதுவது. உனக்கும் சஃப்ரினுக்கும் ஜுஹைனாவுக்கும் என் ஸலாம். உன் மாமியாருக்கும் சொல்.

சொன்னேன். சொல்லவில்லை என்று சாதிக்க மாட்டேன். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் என் வாயிலேயே அடிக்கத் தோன்றியது. நீ தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். ஓடிவந்து கையைப் பிடித்திருக்கலாம். மூத்தவள் என்கிற கொழுப்பு விடவில்லை. நான் சொன்னது பொய், யூசுப். அந்தப் பெட்டியில் இருந்து எனக்கென்று நீ எடுத்துக் கொடுத்தது எதையும் நான் கேட்டதில்லை. உன்னைத் தேடினது நான். மூன்று வருஷமும் தேடினேன். என்னை மன்னித்துவிடு.

சஃப்ரினிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவள் அடுப்பு அணைந்த பிறகு என் அடுப்புப் புகை இறங்குகிறது என்று அவள் சொன்னது அத்தனையும் நிஜம். வேண்டுமென்றே பழி போடுகிறாள் என்று நான் சொன்னதுதான் பழி. இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டு. நேரிலும் சொல்வேன்.

பொய் என்று வந்த பிறகு என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். நீ மட்டும்தான் மறைத்தாய் என்று நினைக்காதே. உன் வாயை அடைக்க வேண்டிய அவசியமே இல்லை. மாடன் முதல் நாளே சொல்லிவிட்டார். "ரெண்டு வாயும் ஒரே மட்டத்துல நின்னா ஒண்ணு விட்ட புகைய ஒண்ணு குடிக்கத்தான் செய்யும் யக்கா. தெனமும் எரியுத வாய ஒரு அடி ஒசத்திட்டாப் போதும்." நியாயமாக இருக்க வேண்டும் என்று நூல் பிடித்து அளந்தோமே, அதுதான் இத்தனைக்கும் காரணம். என் வாய் ஒரு அடி உயர்ந்திருந்தால் சஃப்ரின் கண்ணைக் கசக்கியிருக்க மாட்டாள், நாமும் வாசலில் நின்று கத்தியிருக்க மாட்டோம்.

அதை உனக்கு நான் எழுதவில்லை. எழுதினால் சரி, உயர்த்திக்கொள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவாய். வருவாயா மாட்டாயா என்று நான் எப்படிக் கேட்பது? அடைக்கவா வேண்டாமா என்று கேட்டால் அதற்கு நீ பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அடைக்கச் சொல்லுவாய் என்று நான் நினைக்கவே இல்லை. அந்தக் கடிதத்தோடு உன் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். மாடன் சாந்துச் சட்டியோடு வந்து பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

இனி ஒளிவு மறைவு இல்லை. இரண்டு வாயும் திறந்தே இருக்கும். அடைக்கச் சொல்லி நீ எழுதிய இரண்டு கடிதத்தையும் அடுப்பில் போட்டுவிட்டேன், அந்தச் சம்மதம் இப்போது எங்கேயும் இல்லை. சம உயரம் என்று பத்திரத்தில் இருப்பதால், என் வாயை ஒரு அடி உயர்த்த மட்டும் உன் சம்மதம் வேண்டும். ஐப்பசி பிறக்கப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. எழுது.

அக்கா


புளியங்குடி
8-10-2025

அக்காவுக்கு ஸலாம். எல்லோரும் சுகம். உன் கடிதத்தை சஃப்ரின் இரண்டு தடவை படித்தாள். மைனிக்கு நான் ஸலாம் சொன்னதாக எழுதுங்கள் என்றாள். அன்று சாயங்காலமே ஜுஹைனாவின் பள்ளிக்கூடத்தில் போய் மாறுதல் சர்டிபிகேட் எப்போது வாங்கலாம் என்று விசாரித்துவிட்டு வந்தாள். வருஷப் பரீட்சை முடிந்த பிறகுதான் தருவார்களாம். அதுவரை அவர்கள் இரண்டு பேரும் இங்கேதான்.

உன் பக்கத்துப் புகைவாயை என் பக்கத்தைவிட ஒரு அடி உயர்த்திக் கட்ட எனக்குச் சம்மதம்.

மண்டியில் உவைஸிடம் சொல்லிவிட்டேன். தென்காசியில் இருந்து காலை முதல் பஸ் ஏறினால் இரண்டாவது லோடுக்கு வந்துவிடலாம் என்றான்.

மாடன் அண்ணாச்சியிடம் ஒன்று மட்டும் கேட்டு வை. பதில் எழுத வேண்டாம், அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன்னால் நான் அங்கே இருப்பேன், நேரில் சொல். உன் வாய் உயரமாகவும் என் வாய் தாழ்வாகவும் இருந்தால், நான் அடுப்புப் பற்றவைக்கும்போது என் புகை உன் பக்கம் இறங்காதே?

யூசுப்